ஒற்றுப்பிழை

பயிற்றி, நாற்பத்திரண்டாம் பக்கம்:
"பூர்வகுடியினரை அறிவோம். படத்துக்கு வண்ணம் தீட்டுக."
இடுப்பில் இலை, கையில் ஊதுகுழல்,
காலடியில் ஒரு குரங்கு.
மூன்றாம் ஆண்டில் மொத்தம் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் பச்சையைத் தேடினார்கள்.
ரித்துல் மட்டும் கறுப்பு கேட்டான்.
இலைக்கு மேல் காற்சட்டை வரைந்தான்,
குரங்கை மறைத்து ஒரு மோட்டார் நிறுத்தினான்,
எண்பலகையோடு.
"எங்கப்பாவுக்கு மோட்டார் போட மறந்துட்டாங்க டீச்சர்."

பீடோரிலிருந்து ஏழு மைல் உள்ளே எங்கள் டவுன்.
இரண்டு கோப்பிக் கடை, ஒரு நம்பர் கடை,
மாரியம்மன், பெட்ரோல் நிலையம்,
மூடப்போகும் பட்டியலில் ஒரு தமிழ்ப்பள்ளி.
தலை எண்ணிக்கைக்காக
மேலே செமாய்க் கம்போங் வரை நடந்து
நாங்கள் கேட்டு அழைத்துவந்த நான்கு பிள்ளைகளில் ஒருவன்.
இப்போது எங்கள் பிள்ளைகளைவிட
அவனுக்குத்தான் ழகரம் சுளுவாக வருகிறது.

புதன்கிழமை புறப்பாடம்: இயற்கையைப் பேணுவோம்.
செம்பனை ஆலைக்குப் பின்னால்
கோப்பி ஓ நிறத்தில் போகிறது ஆறு.
கரையில் ஒதுங்கிய நெகிழிப் புட்டிகளை எண்ணச் சொன்னேன்.
நூற்றுப் பதினாறு.
இல்லை, பதினேழு என்று சண்டை பிடித்த துர்வேஷ்
சற்று நேரத்தில் ஒரு தட்டானைப் பிடித்தான்,
வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டான்.
அது தலைகீழாகச் சுழன்று விழ
பிள்ளைகள் சிரித்தார்கள்.
நானும்தான்.

"அதப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இடி வரும்."
ரித்துல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.
தட்டான் அவன் சட்டைப்பையில்
பள்ளிச் சின்னத்தின் மேல்
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

மூன்று மணிக்கு இடித்தது.
மூன்று மணிக்கு இடிக்காத நாள்
இந்த ஊரில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.
சூடான காற்று மேலே எழுவதை
அம்புக்குறி போட்டு விளக்கவும் தெரியும்.
வெண்கட்டியைக் கையில் எடுத்துக்கூட விட்டேன்.
துர்வேஷ் மேசைக்கு அடியில் இருந்தான்.

ஓவியப் பெட்டியிலிருந்து
கேட்காமல் கத்திரிக்கோலை எடுத்தான் ரித்துல்
(கேட்டுத்தான் எடுக்க வேண்டும்; சுவரில் ஒட்டியிருக்கிறேன்).
நெற்றிமுடியில் ஒரு கொத்து வெட்டி
சன்னல் வழியே மழையில் போட்டான்.
"அப்பா இப்படித்தான் செய்வாரு.
சிரிச்சது நான் இல்ல. ஆனா
பக்கத்துல இருந்தேன்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது,
கத்திரிக்கோலுக்காக.
அப்புறம் லோகமித்ரா, பின்னலின் நுனி.
அப்புறம் வரிசை.
நான் தடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் புலனத்தில் நாற்பத்தெட்டுச் செய்திகள்.
"முருகனுக்கு நேர்ந்த முடி டீச்சர்,
யாரைக் கேட்டு வெட்டினீங்க?"
இடிக்குக் கொடுத்தாள் என்று தட்டினேன்.
அழித்தேன்.
மன்னிக்கவும் என்று மட்டும் அனுப்பினேன்.

தலைமையாசிரியர் விளக்கக் கடிதம் கேட்கிறார்.
"கற்றல் பேறு அடையப்பட்டது."
அதற்கு மேல் பேனா நகரவில்லை.
வெற்றுத்தாள் தேடி இழுப்பறையைத் திறந்தால்
எழுபத்தைந்தாம் ஆண்டு மலர்.
முதல் பக்கம், முதல் வரி:
"யாருமில்லாக் காட்டை அழித்து
நம் முன்னோர் இத்தோட்டம் கண்டனர்."

மெய்ப்புப் பார்த்தது நான்.
'யாருமில்லா காடு' என்றுதான் வந்திருந்தது.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின்
வல்லினம் மிகும் என்று
சிவப்பு மையில் ஒரு க் சேர்த்தேன்.
கூர்மையான கண் என்று மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெட்டச் சொன்னவர் துரை.
கோடரி துரையுடையது, மரம் விற்ற காசும்.
வெட்டிய கைக்கு அரிசியும் மலேரியாவும்.
எல்லாம் உண்மை. எல்லாம் மலரில் இருக்கிறது,
பன்னிரண்டாம் பக்கத்தில்.

கடிதத்தை அடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன்:
"மதிப்பிற்குரிய ஐயா,
வெட்டச் சொன்னது நாங்கள் இல்லை. ஆனால்"

மணி இன்னும் மூன்று ஆகவில்லை.